ஞாயிற்றுக்கிழமைதான் மோசம்: பீடி சுற்றும் ஒரு பெண்ணின் முடக்குவாதமும் 13 மாதத் தாமதமும்

அவர் என்னிடம் மூட்டு வலிக்காக வரவில்லை. ஊரில் போட்ட முகாமில் சர்க்கரை 268 என்று வந்துவிட்டது, அதற்கு மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் போன ஆண்டு ஆகஸ்டில் வந்தார். முக்கூடல் பக்கம் தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன ஊர். வயது 41, 14 வயதிலிருந்து பீடி சுற்றுகிறார், கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், ஒரே மகள் அப்போது பிளஸ் டூ. அவரிடம் கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன், ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

அறைக் கதவைக் கையால் தள்ளாமல் முழங்கையால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். முகம் உருண்டையாக, கன்னம் மினுமினுப்பாக இருந்தது. பர்ஸைத் திறந்து முகாமில் கொடுத்த சீட்டை எடுக்க வேண்டும், ஜிப்பின் சின்ன நாக்கை இரண்டு விரலால் பிடிக்க வரவில்லை, மகள் திறந்து கொடுத்தாள். அப்போதுதான் காலைப் பார்த்தேன். இரண்டு காலிலும் மெட்டி இல்லை, மெட்டி இருக்க வேண்டிய விரலில் மஞ்சள் தடவிய நூல் சுற்றியிருந்தது.

எங்கள் பக்கத்தில் கணவன் உயிரோடு இருக்கிற ஒரு பெண் மெட்டியைக் கழற்றுவது லேசான விஷயம் இல்லை. "மெட்டி எங்கக்கா?" என்று கேட்டேன். "அதை வெட்டித்தான் எடுத்தாவ டாக்டரம்மா. விரலு வீங்கி உள்ள புதைஞ்சிட்டு. எங்க மாமியா அன்னைக்குப் பூராவும் அழுதாவ" என்றார். சர்க்கரை சீட்டை ஓரமாக வைத்துவிட்டு உட்காரச் சொன்னேன்.

வலி எங்கே ஆரம்பித்தது என்றால் கையில் இல்லை, காலில். முந்தைய ஆண்டு ஜூலையில், காலையில் எழுந்து தரையில் காலை ஊன்றினால் ஆற்றுக் கூழாங்கல் மேல் வெறுங்காலோடு நடப்பது போல முன்பாதம் வலிக்கும். குளித்துச் சமைத்து முடிப்பதற்குள் சரியாகிவிடும் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றரை மாதம் கழித்து இரண்டு கையும். முதலில் கோலப்பொடியைக் கிள்ளி விட முடியவில்லை, அப்புறம் தோசைக் கரண்டி, அப்புறம் கத்தரிக்கோல்.

பீடி வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மடியில் சொளகை வைத்துக்கொண்டு, நனைத்த இலையைக் கத்தரிக்கோலால் அளவாக வெட்டி, தூளை வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டி, நுனியை மடக்கி உள்ளே குத்தி, நூலால் கட்ட வேண்டும். ஒரு நாளைக்கு 1000 பீடி என்றால் 1000 தடவை இதே காரியம். "சுத்திருவேன், நுனியை மடக்கத்தான் முடியல" என்றார். மடக்குவதற்கு ஆள்காட்டி விரலின் நடுக்கணு நன்றாக வளைந்து, நுனியால் அழுத்த வேண்டும். அந்தக் கணுதான் அவருக்கு வீங்கியிருந்தது.

இத்தனை வருடம் இதே வேலை செய்தால் கை வலிக்கத்தானே செய்யும் என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மருத்துவம் படித்தவர்களும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், அவர் அடுத்ததாக ஒன்றைச் சொல்லாமல் இருந்திருந்தால்.

"வேலை செய்யாத அன்னைக்குக் கொஞ்சம் நல்லா இருக்குமா?" என்று கேட்டேன்.

"இல்ல டாக்டரம்மா, ஞாயித்துக்கிழமைதான் மோசம். அன்னைக்குக் கடை லீவு. காலைல எந்திரிச்சா விரலு ஒண்ணும் மடங்காது. வெந்நீர்ல போட்டு ஊற வச்சு, ஒன்பது மணி பத்து மணிக்குத்தான் கை என் கை மாதிரி இருக்கும். மத்த நாள்ல சுத்த உக்காந்துட்டா ஒரு மாதிரி இளகிக்கிடும்."

இது முடக்குவாதம், அதாவது ஆங்கிலத்தில் சுருக்கமாக ஆர்.ஏ. என்கிற ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று எனக்குப் பாதிக்கு மேல் தெரிந்தது இந்த இடத்தில்தான். தேய்மான வலியும் வேலை வலியும் உழைத்தால் கூடும், ஓய்வெடுத்தால் குறையும், அதிகம் உழைக்கும் வலது கையில்தான் முதலில் தெரியும். மூட்டுக்குள் அழற்சி இருக்கிற வலி இதற்கு நேர்மாறு. அசையாமல் கிடந்தால் இறுகும், அசைத்தால் இளகும், காலையில் உச்சத்தில் இருக்கும். தேய்மானத்தில் காலை இறுக்கம் ஐந்து பத்து நிமிடம், மிஞ்சிப்போனால் அரை மணி. இவருக்கு மூன்று மணி நேரம், அதுவும் இரண்டு கையிலும் ஒரே மாதிரி. எந்த ரத்தப் பரிசோதனையும் எழுதுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, காலையில் எழுந்தால் கை மடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பது. 13 மாதத்தில் ஒருவரும் அதை அவரிடம் கேட்டிருக்கவில்லை.

பாஸ்புக்

மகள் பைக்குள்ளிருந்து பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்துப் போட்டபோது நடுவில் பீடிக் கடை பாஸ்புக்கும் வந்து விழுந்தது. தினமும் எத்தனை பீடி கொடுத்தார் என்று கடையில் எழுதிக் கையெழுத்துப் போட்ட புத்தகம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்த நோய்க்கு எத்தனையோ கேள்வித்தாள்கள் இருக்கின்றன, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, குழாயைத் திருக முடிகிறதா என்று கேட்டு மதிப்பெண் போடுவார்கள். அதைவிட நேர்மையான கணக்கு இந்தப் பாஸ்புக்கில் இருந்தது.

ஜூலையில் நாளுக்கு 900, 1000. அக்டோபரில் 600. நவம்பர் கடைசியில் திடீரென்று 850. "அப்ப என்னக்கா மருந்து எடுத்திய?" என்றேன். மருந்துக் கடையில் செட் மாத்திரை, அதாவது பெயரில்லாத நாலைந்து மாத்திரையைச் சேர்த்துச் சின்னக் காகிதக் கவரில் போட்டுத் தருவார்களே, அது. மூன்று நாளைக்கு ஒரு செட். சாப்பிட்ட அன்றைக்கே வலி போய்விடும், கை பறக்கும், விட்டால் முன்னைவிட மோசமாகும். தை பிறந்தபோது 500. பிப்ரவரி, மார்ச்சில் 400. ஏப்ரல் கடைசியிலும் மே முழுவதும் மறுபடி 750 என்று இருந்தது, குணமாகியிருந்ததோ என்று ஒரு நிமிடம் குழம்பினேன். மகள் சொன்னாள்: "அது லீவுல நான் கூட இருந்து நுனி மடக்கி நூல் கட்டிக் குடுத்தது." ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் 350.

அந்த மே மாதத்து 750-ஐ நம்பி ஒருவர் "மருந்து நன்றாக வேலை செய்கிறது, தொடருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். அந்த மருந்து என்ன என்பதைச் சொன்னால்தான் இந்தக் கதை முழுதாகும்.

மார்ச்சில் ஒரு லேபில் வாத டெஸ்ட் என்று மொத்தமாக எடுத்தார்கள். முடக்குவாதத்துக்கு எடுக்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவ். ஏ.எஸ்.ஓ. 400. யூரிக் அமிலம் 6.4. ஆர்.ஏ. நெகட்டிவ் என்பதால் முடக்குவாதம் இல்லை என்று முடிவாயிற்று. ஏ.எஸ்.ஓ. கூடியிருக்கிறது என்பதால் வாதக் காய்ச்சல் என்று பெயர் வைத்து, 21 நாளைக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி, ஐந்து மாதம். யூரிக் அமிலத்துக்கு ஒரு மாத்திரை. பருப்பு, முட்டை, கருவாடு, கத்திரிக்காய், உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாவற்றுக்கும் தடை. இதற்கு முன்னால் வேறொரு இடத்தில், சிக்குன்குனியாவின் மிச்சம், தானாகப் போய்விடும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. தென்மாவட்டங்களில் இதே வரிசையில், இதே சீட்டுகளோடு வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன், அதனால் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்கிறேன்.

ஏ.எஸ்.ஓ. என்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சமீபத்தில் தொண்டைக்கு வந்து போனதற்கான தடயம், அவ்வளவுதான். வாதக் காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக் குழந்தைகளுக்கு வரும் நோய், முழங்கால் கணுக்கால் போன்ற பெரிய மூட்டுகளில் ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவும், சில வாரத்தில் மூட்டு தடமில்லாமல் சரியாகிவிடும். அது மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் என்று பழைய ஆசிரியர்கள் சொல்வார்கள், இதயத்தின் வால்வுதான் அதன் இலக்கு. அந்தக் குழந்தைகளுக்குப் பென்சிலின் ஊசி உயிர் காக்கும் மருந்து, ஒரு தவணைகூட விடக்கூடாது. 40 வயதில் மாதக்கணக்காக விரல் கணு வீங்கியிருப்பவருக்கு அந்த ஊசி ஒன்றும் செய்யாது.

யூரிக் அமிலம் கூடியிருப்பதெல்லாம் கௌட் என்னும் மூட்டு நோய் ஆகாது. கௌட் பெரும்பாலும் நள்ளிரவில் கால் கட்டைவிரலில் நெருப்பு வைத்தது போல வந்து, ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு அது அபூர்வம்.

சிக்குன்குனியாவைச் சொன்னவரை நான் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். 2006-ல் இந்தியாவில் அது பரவியபோது 13 லட்சத்துக்கு மேல் சந்தேக நோயாளிகள் கணக்கில் வந்தார்கள், குனிந்து நடந்த ஊர்களை நம் ஆட்கள் மறக்கவில்லை. மாதக்கணக்கில் மூட்டு வலி நிற்பதும் உண்மை. ஆனால் அது கடும் காய்ச்சலோடு ஒரே நாளில் ஆரம்பிக்கும். இவருக்குக் காய்ச்சலே இல்லாமல் மெல்ல மெல்ல ஏறியது.

ஆர்.ஏ. ஃபேக்டர் விஷயம்தான் எல்லாவற்றையும்விட அதிகக் கெடுதல் செய்தது. பெயரிலேயே ஆர்.ஏ. இருப்பதால் அதுதான் நோய்க்குத் தீர்ப்பு என்று நினைத்துவிடுகிறோம். முடக்குவாதக்காரர்களில் 100 பேரில் 20, 30 பேருக்கு அது நெகட்டிவ்வாகவே இருக்கும், ஆரம்ப மாதங்களில் இன்னும் அதிகம் பேருக்கு. திருப்பிச் சொன்னால் வயதானவர்கள், காசநோய், ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்கள் என்று மூட்டு நோயே இல்லாத பலருக்கு அது பாசிட்டிவ் வரும்.

கை என்ன சொன்னது

விரல்களை ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தேன். தேய்மானக் கணு புளியங்கொட்டை மாதிரி கெட்டியாக இருக்கும், நகத்தை ஒட்டிய கடைசிக் கணுவில் வரும். இவருக்குக் கடைசிக் கணு சுத்தமாக இருந்தது. நடுக்கணுக்களும், உள்ளங்கையோடு விரல் சேருகிற அடிக்கணுக்களும், இரண்டு மணிக்கட்டும் வீங்கி, நொங்கைத் தோலோடு அமுக்கினால் விரல் உள்ளே போய் மெத்தென்று திரும்புமே, அந்த மாதிரி இருந்தன. கை குலுக்குவது போல நான்கு அடிக்கணுக்களையும் சேர்த்து லேசாகத்தான் அமுக்கினேன், கையை உருவிக்கொண்டார். முன்பாதத்தையும் அப்படியே அமுக்கினபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த மெத்தென்ற வீக்கம் என்ன? மூட்டை உள்பக்கமாகச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது, சாதாரணமாக அதன் மேல்படலம் ஒன்றிரண்டு செல் தடிமன்தான், மூட்டுக்கு வேண்டிய எண்ணெய் போன்ற நீரை அது சுரக்கிறது. இந்த நோயில் உடம்பின் காவல் படையே அந்தச் சவ்வை எதிரியாக நினைத்து உள்ளே புகுந்துவிடும். சவ்வு தடித்து, புது ரத்தக் குழாய்கள் முளைத்து, குளத்தில் அமலைச்செடி கரையிலிருந்து நடுவுக்குப் படர்வது மாதிரி குருத்தெலும்பின் மேல் படர்ந்து அதை அரிக்கிறது. எலும்பை அரிப்பது முதலில் ஓரத்தில்தான், ஏனென்றால் அந்த ஓரத்தில் எலும்பை மூடக் குருத்தெலும்பு கிடையாது. அப்படி அரிபட்ட எலும்பு பெரும்பாலும் பழையபடி வளராது. முதல் 3 முதல் 6 மாதத்துக்குள் சரியான மருந்தைத் தொடங்க வேண்டும் என்று நாங்கள் மன்றாடுவது இதனால்தான்.

சித்த மருத்துவத்தில் இதைக் கீல்வாயு என்பார்கள், வளி அழல் கீல்வாயு என்று தனியாகவே பெயர் உண்டு. கீல் என்றால் மூட்டு. வளி என்றால் வாதம், அழல் என்றால் பித்தம், சூடு. வாதமும் சூடும் சேர்ந்து வரும் மூட்டு நோய் என்று அந்தக் காலத்திலேயே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கும் ஊர்க்காரர்கள் நாம். இவரும் முடக்கத்தான் கீரை தோசை விடாமல் சாப்பிட்டிருக்கிறார், சாப்பிடட்டும், கீரை நல்லதுதான். அதை மட்டும் நம்பி எலும்பை அரிக்க விடக்கூடாது என்பது என் வாதம்.

மூட்டு நோய் என்று வந்தவரிடம் மூட்டை மட்டும் பார்த்தால் போதாது. இணைப்புத் திசு நோய்கள் ஒரு குடும்பம், எல்லாம் மூட்டு வலி என்ற ஒரே வாசல் வழியாகத்தான் வரும். வெயில் பட்டால் கன்னத்தில் சிவப்பு ஏறுகிறதா, முடி கொத்தாகக் கொட்டுகிறதா, வாய்ப்புண், நுரை நுரையாகச் சிறுநீர்? இதெல்லாம் லூபஸுக்கான கேள்விகள், அதில் சிறுநீரகம் சத்தமில்லாமல் போய்விடும். பச்சைத் தண்ணீரில் கை வைத்தால், அல்லது குற்றாலச் சாரலில் நின்றால், விரல் வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவக்கிறதா? விரல் தோல் கெட்டியாகி மடிப்பெடுக்க வராமல் போகிறதா? அது ஸ்க்ளீரோடெர்மா பக்கம் போகும். இவருக்கு அவை எதுவும் இல்லை. கண்ணில் மட்டும் மணல் விழுந்தது போல உறுத்தல், வாய் காய்ந்து, தண்ணீர் இல்லாமல் சோறு இறங்காது. முடக்குவாதத்தோடு கண்ணீர்ச் சுரப்பியும் எச்சில் சுரப்பியும் சேர்ந்து வறள்வது உண்டு, ஷோக்ரன் என்று பெயர். அதைக் குறித்துக்கொண்டேன்.

பரிசோதனை முடிவுகள்: அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். 62, சி.ஆர்.பி. 28, ஹீமோகுளோபின் 9.8, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.9. ஆர்.ஏ. ஃபேக்டர் மறுபடியும் நெகட்டிவ். முடக்குவாதத்துக்கான இன்னொரு ரத்தப் பரிசோதனையான ஆன்டி சி.சி.பி. 184, அந்த லேபில் 20-க்குக் கீழே இருக்க வேண்டும். இந்தப் பரிசோதனை பாசிட்டிவ் வந்தால் பெரும்பாலும் பொய் சொல்லாது, அதுவும் இவ்வளவு கூடுதலாக வந்தால். கை எக்ஸ்ரேயில் மூட்டை ஒட்டிய எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறைந்திருந்தது, அரிப்பு இல்லை. கால் எக்ஸ்ரேயும் எடுக்கச் சொன்னேன், வலது பாதத்தின் சுண்டு விரல் அடிமூட்டில் ஓரம் கடிபட்டிருந்தது. கால் எக்ஸ்ரே எடுக்காமல் விட்டிருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது தெரிந்திருக்காது. அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்கள் சேர்ந்து 2010-ல் வகுத்த கணக்கில் 10-க்கு 6 வந்தாலே முடக்குவாதம். இவருக்கு வலிக்கிற மூட்டு 10-க்கு மேல் என்பதற்கு 5, ஆன்டி சி.சி.பி.க்கு 3, அழற்சிக்கு 1, ஆறு வாரம் தாண்டியதற்கு 1. பத்துக்குப் பத்து.

"பீடி சுத்துனதுனாலதான் வந்துச்சா டாக்டரம்மா?" என்று கேட்டார். புகை பிடிப்பது இந்த நோயைக் கூட்டும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம், அவர் வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பிடித்ததில்லை. சுற்றுவதும் பிடிப்பதும் ஒன்றில்லை, தொழிலின் மேல் பழியைப் போட என்னிடம் காரணம் இல்லை என்று சொன்னேன். நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிற நோய், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். வந்தது அவர் தவறில்லை என்பதை மாமியாரையும் வரச்சொல்லி ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

மருந்தும் என் தவறும்

செட் மாத்திரையில் இருந்தது ஸ்டீராய்டு என்பதற்கு அந்த உருண்டை முகமும் அந்தச் சர்க்கரையுமே சாட்சி. ஸ்டீராய்டு மந்திரம் மாதிரி வேலை செய்யும், அதை மறுக்க முடியாது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், படுக்கையிலேயே கிடந்த 29 வயது முடக்குவாதப் பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார், சில நாளிலேயே அவர் நடந்து கடைத்தெருவுக்குப் போய் வந்தார். 1950-ல் ஹென்ச்சுக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு. அதன் பிறகுதான் முகம் உப்புவதும் எலும்பு உளுப்பதும் சர்க்கரை ஏறுவதும் தெரியவந்தது. எங்கள் ஊர் மருந்துக் கடைக் கவரில் நடப்பது இதே கதைதான். மாதக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, ஆகவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் குறைந்த அளவில் எழுதி, வாரவாரம் குறைத்துக்கொண்டே வந்தேன்.

முதன்மை மருந்து மெத்தோட்ரெக்ஸேட். இந்த மருந்தின் பரம்பரையில் நம் பக்கத்து மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் அமெரிக்காவில் லெடர்லே ஆய்வகத்தில் வழிநடத்திய குழுதான் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைத் தடுக்கும் மருந்துகளை உருவாக்கியது. 1947 கடைசியில் அதில் ஒன்றை சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கத் தொடங்கி, 1948-ல் முடிவை வெளியிட்டார், அதே ஆண்டு சுப்பாராவ் காலமானார். அந்த வரிசையில் வந்த மெத்தோட்ரெக்ஸேட்டை முடக்குவாதத்துக்கு அமெரிக்க அரசு ஏற்றது 1988-ல்தான். இன்றைக்கும் உலகம் முழுக்க முதலில் எழுதும் மருந்து அதுதான், விலையும் குறைவு.

தொடங்குமுன் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், ஹெபடைட்டிஸ், மார்பு எக்ஸ்ரே எல்லாம் பார்த்தேன். கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும் மருந்து, அவருக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முன்பே ஆகியிருந்தது. வாரத்துக்கு ஒருநாள் மட்டும் 10 மில்லிகிராம், மறுநாள் ஃபோலிக் அமிலம், தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற இன்னொரு மூட்டு மருந்து. எல்லாம் விளக்கிச் சொன்னேன் என்றுதான் நினைத்தேன்.

எட்டாம் நாள் மகள் போன் செய்தாள். "அம்மாவுக்கு வாயெல்லாம் புண்ணு, குழம்பு ஊத்திச் சாப்பிட முடியல." உடனே வரச்சொன்னேன். மருந்துக் கடைக் கவரைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. கவரின் மேல் வழக்கம்போல 1-0-0, அதாவது தினமும் காலையில் ஒன்று என்று எழுதியிருந்தது. ஐந்து நாள் தினமும் ஒன்று, மொத்தம் 50 மில்லிகிராம். கடைக்காரர் எழுதியது தப்பு, ஆனால் என் சீட்டிலும் வாரம் ஒருமுறை என்று ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தேனே தவிர, என்ன கிழமை என்று தமிழில் எழுதவில்லை. ஃபோலிக் அமிலமும் இதுவும் பார்க்க ஒரே மாதிரி மஞ்சள் மாத்திரை என்பதையும் நான் எடுத்துக் காட்டவில்லை. பாதிப் பிழை என்னுடையது.

அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். வெள்ளை அணு 2,900, தட்டணு (பிளேட்லெட்) 1,05,000, இரண்டும் குறைவு. சிறுநீரகம் நன்றாக இருந்தது பெரிய அதிர்ஷ்டம். இந்த மருந்துக்கு முறிமருந்து ஃபோலினிக் அமிலம், அதைப் போட்டுப் பத்து நாளில் அணுக்கள் ஏறின, புண் ஆறியது. இந்தப் பிழையால் உயிர் போனவர்கள் உலகம் முழுக்க உண்டு.

மறுபடி அதே மருந்தைத் தொடங்கலாம் என்று சொல்ல எனக்கே தயக்கமாக இருந்தது. அவர்தான் துணிந்தார். "மருந்து மேல தப்பு இல்லைல்லா, கணக்குலதான தப்பு" என்றார். மூன்று வாரம் கழித்து 7.5-ல் தொடங்கினோம். என்ன கிழமை வேண்டும் என்று அவரிடமே கேட்டேன். ஞாயிறு என்றார், கடை லீவு நாள், மருந்து போட்ட அன்றைக்குக் கொஞ்சம் கிறக்கமாக இருந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம், நாளும் மறக்காது. இப்போது சீட்டில் ஞாயிறு மட்டும் என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதுகிறேன், நான்கு வாரத்துக்கு மேல் மாத்திரை வாங்க விடுவதில்லை, வாங்கியதும் மகள் போனில் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். இவருக்கு மட்டும் இல்லை, அதற்குப் பிறகு இந்த மருந்து எழுதுகிற எல்லாருக்கும்.

சாப்பாட்டுத் தடையை முதல் நாளே எடுத்துவிட்டேன். ஹீமோகுளோபின் 9.8 இருக்கிறவரிடம் போய்ப் பருப்பையும் முட்டையையும் பிடுங்குவதா? கருவாட்டுக் குழம்பு வைக்கலாமா என்று மாமியார் கேட்டார், தாராளமாக வையுங்கள் என்றேன்.

பதினோரு மாதம்

மருந்து வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தும், இரண்டாவது மாதம் அவருக்குப் பொறுமை போய்விட்டது. செட் மாத்திரை அன்றைக்கே கேட்டதே என்பது அவர் குறை. அந்த நாட்களில் வாரம் ஒருமுறை பேசினேன். மூன்றாம் மாதத்தில் காலை இறுக்கம் மூன்று மணியிலிருந்து முக்கால் மணியாகக் குறைந்தது. மருந்தைப் படிப்படியாக 15-க்கு ஏற்றினேன். ஐந்தாம் மாதத்தில் பிரெட்னிசோலோனை முழுக்க நிறுத்தினோம், முகம் வற்றியது, சர்க்கரை ஒரே மாத்திரையில் அடங்கியது. கண் மருத்துவரிடம் அனுப்பினேன், வறட்சிக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள், ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்காக விழித்திரையையும் பார்த்துக்கொண்டார்கள்.

28 மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, நோயாளியும் மருத்துவரும் தரும் மதிப்பெண்ணையும் கூட்டிப் போடும் ஒரு கணக்கு உண்டு, சி.டி.ஏ.ஐ. என்பார்கள். 22-க்கு மேல் கடுமை, 10-க்குக் கீழே அடங்கிய நிலை, 2.8-க்குள் வந்தால் நோய் தூங்குகிறது. தொடக்கத்தில் 37 இருந்தது, இந்த ஜூலையில் 6. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 28 மூட்டில் பாதம் சேர்த்தி இல்லை, இவருக்கு நோய் தொடங்கியதே பாதத்தில். எனவே ஒவ்வொரு முறையும் செருப்பைக் கழற்றச் சொல்கிறேன்.

பாஸ்புக்கில் இப்போது நாளுக்கு 650. மகள் ஜூனில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள், ஆகவே அந்த 650-ம் முழுக்க அவர் கைதான், நுனி மடக்குவது உட்பட. 1000-க்குத் திரும்பச் சொல்லி நான் கேட்கவில்லை. 40 நிமிடத்துக்கு ஒருமுறை சொளகை இறக்கி வைத்துவிட்டுக் கையை விரித்து மூடச் சொல்லியிருக்கிறேன். கத்தரிக்கோல் வளையத்தில் பழைய சேலைத் துணியைத் தடிமனாகச் சுற்றிக்கொண்டது அவராகச் செய்த ஏற்பாடு, நான் இப்போது மற்றவர்களுக்கும் அதைச் சொல்கிறேன்.

கடைசியாக வந்தபோது இடது காலில் புது மெட்டி போட்டிருந்தார். வலது காலில் இன்னும் நூல்தான். அந்த முன்பாதத்தை அமுக்கினால் இப்போதும் முகம் சுளிக்கிறது, விரல் அடிமூட்டில் அந்த நொங்கு மெத்து லேசாக இருக்கிறது. அந்தக் காலுக்காகவே சல்ஃபசலாசின் என்ற இன்னொரு மூட்டு மருந்தையும் சேர்த்திருக்கிறேன். இரண்டு வாரம் கழித்து ரத்தம் பார்க்க வேண்டும், ஆகஸ்டில் வலது பாதத்துக்கு மறுபடி எக்ஸ்ரே.